வாசலில் கால் மணி நேரம்

பதினைந்து வயது தாண்டிய வண்டியை மறுபடி பதிவு செய்ய வருகிறவர்கள், வழக்கமான கட்டணத்தோடு பசுமை வரி என்று ஒன்றையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பணத்தை இப்போதெல்லாம் வெளியே கம்ப்யூட்டர் சென்டரிலேயே கட்டிவிட்டு ரசீதோடுதான் வருகிறார்கள். திட்டு மட்டும் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு நேரில் வந்து சேரும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதினோரு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஒன்று வாங்கினால் இரண்டாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை.

என்னை வாயடைக்க வைத்தது ஒரே ஒரு ஆள். எங்கள் தெருவுக்குக் காலையில் மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு மீன் விற்க வருகிறவர். தெருவில் என்னை ‘அக்கா’ என்பார். கவுண்டருக்கு முன்னால் வந்ததும் ‘மேடம்’ ஆகிவிட்டேன். அவருடைய மொபெட்டுக்கு வயது பதினாறு. ரசீதை என் முன்னால் வைத்துவிட்டு, வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

“வண்டி கருப்பாப் பொகை விடுது, வரி மட்டும் பச்சையாக்கும்? சரி, கட்டியாச்சு. இந்தத் துட்டு எங்க போவுது, அதை மட்டும் சொல்லுங்க மேடம்.”

“கஜானாவுக்குப் போகுது.”

“கஜானாவுக்கு என்ன, மூச்சு முட்டுதா?”

வரிசையே சிரித்தது. நானும் ஏதாவது சுருக்கென்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று காலையில்தான் என் மகளுக்கு மூச்சிழுப்பு வந்து, மருந்தை உறிஞ்ச வைத்து, பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்திருந்தேன். மூச்சு முட்டுவது என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நாக்கு எழவில்லை. முத்திரையைக் குத்திக் கொடுத்து அனுப்பினேன்.

மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அவள் அப்பா கப்பலில் வேலை பார்க்கிறார்; வருஷத்தில் முக்கால்வாசி கடலில். வீட்டில் நானும் அவளும்தான். எங்கள் வீடு கடற்கரைச் சாலையிலிருந்து பிரிகிற ஒரு குறுகிய தெருவில் இருக்கிறது. அவள் பள்ளிப் பேருந்துக்கு எங்கள் வாசல்தான் முதல் நிறுத்தம். அந்தப் பேருந்தை ஓட்டியவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையில் ஓரடிகூட நகர முடியாது.

சாத்தான்குளம் பக்கத்துக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இருபது வருஷம் துறைமுகத்துக்கு லாரி ஓட்டிவிட்டு, இடுப்பு வலி வந்த பிறகு பள்ளிப் பேருந்துக்கு வந்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னையும் ‘தாயி’ என்பார், என் மகளையும் ‘தாயி’ என்பார். சில நேரம் யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியாமல் இரண்டு பேரும் திரும்புவோம்.

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த புதிதில் ஒருநாள் மகள் தாமதமாகிவிட்டதே என்று ஓடினாள். ஓடியதில் மூச்சு வாங்கி, படியில் ஏற முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணாச்சி பதறிப் போனார். இறங்கி வந்து அவள் பையை வாங்கிக்கொண்டு, “எதுக்கு தாயி ஓடி வார? பைய வா. வண்டி எங்கயும் போயிராது” என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாளிலிருந்து கால் மணி நேரம் முன்னதாகவே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். பிள்ளை அவசரப்படக் கூடாதாம். நிதானமாக இட்லியைத் தின்று, நிதானமாக ஷூ மாட்டிக்கொண்டு வரட்டுமாம். அதற்காகத் தன் தூக்கத்தில் கால் மணி நேரத்தை வெட்டிக்கொண்டார். இந்தக் காலத்தில் யார் செய்வார்கள்? நான் போகிற வருகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அந்தக் கால் மணி நேரமும் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். துறைமுகத்து வரிசையில் நின்று பழகிய கை அது. அங்கே லாரியை அணைத்துவிட்டு உட்கார்ந்தால், முன்னால் இருப்பவன் பத்தடி நகர்ந்ததும் பக்கத்தில் இருப்பவன் மூக்கை நுழைத்துவிடுவான். அதனால் மணிக்கணக்கில் நின்றாலும் அணைக்க மாட்டார்கள். போதாததற்கு இந்தப் பேருந்தின் செல்ஃப் மோட்டாருக்கு நல்ல புத்தி பாதி நாள்தான் இருக்கும். ஒருமுறை அணைத்தால் மறுபடி எடுக்குமா எடுக்காதா என்று சாமிக்கும் தெரியாது. ஆக, தடதடவென்று ஜன்னல் கம்பி அதிர வண்டி வாசலில் நிற்கும். மகள் முன்னறையில், ஜன்னலுக்குக் கீழே இருக்கிற முக்காலியில் உட்கார்ந்து ஷூ மாட்டுவாள். அந்தச் சத்தம் எனக்கு ஒரு தைரியம்.

இழுப்பு கூடிக்கொண்டே போனது. நான் பார்க்காத காரணம் இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல் என்றார்கள். நிலக்கரித் தூசி என்றார்கள். பஞ்சு மெத்தையைத் தூக்கி எறிந்தேன். கொசுவர்த்தி போனது. சாம்பிராணி போனது. வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்த ஒரு பூனையைத் துரத்தினேன். அந்தப் பாவம் இன்னும் என் கணக்கில் நிற்கிறது. எதற்கும் குறையவில்லை. அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை இழுப்பு வராது. காலாண்டு விடுமுறையில் வரவில்லை. பொங்கல் விடுமுறையில் வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்தால் வந்துவிடும்.

இதை அக்கம்பக்கத்தில் சொன்னபோது ஆளுக்கு ஆள் சிரித்தார்கள். “பள்ளிக்கூடம் போகக் கள்ளம். பிள்ளைக்கு என்னமா நடிப்பு வருது!” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கப்பலிலிருந்து பேசிய அவள் அப்பாவும், “கொஞ்சம் கண்டிச்சுப் பாரேன்” என்றார். நானும் நம்பினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். ஒரு திங்கட்கிழமை, முக்காலியில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தவளைக் கையைப் பிடித்து இழுத்து, “ஏளா, நடிக்காத” என்று அதட்டிப் பேருந்தில் ஏற்றினேன். அவள் அழவில்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். அழுதிருந்தால்கூட நான் மறந்திருப்பேன்.

உண்மை தெரிந்தது ஒரு கல்யாணத்தால். அண்ணாச்சி சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று நாள் விடுப்பு போட்டார். அவருக்குப் பதிலாக வந்த டிரைவர் இளவட்டம். வந்தார், இரண்டு ஹாரன் அடித்தார், போய்விட்டார். முதல் நாள் பேருந்தை விட்டுவிட்டோம். மனதுக்குள் அவரை வைதுகொண்டே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் வாசலில் காத்திருந்து, வண்டி நின்றதும் ஏற்றினேன். மூன்று நாளும் இழுப்பு இல்லை. நாலாம் நாள் அண்ணாச்சி கல்யாண வீட்டு முறுக்கு ஒரு பொட்டலத்தோடு வந்தார். ஆசை ஆசையாகக் கால் மணி நேரம் நின்றார். ஷூ மாட்டி முடிப்பதற்குள் மகளுக்கு நெஞ்சில் விசில் கேட்க ஆரம்பித்துவிட்டது.

நான் முன்னறையின் நடுவில் நின்று பார்த்தேன். வாசலுக்கு நேரே பேருந்தின் படி. படி வாசலுக்கு நேரே வந்தால், பின்பக்கப் புகைக்குழாய் ஜன்னலுக்கு நேரே வரும். ஜன்னல் திரையின் கீழ்ப் பாதி கருத்திருந்தது. துறைமுகத்துக் கரி என்று நினைத்து மாதாமாதம் துவைத்த திரை. உள்ளறையில் அதே துணியில் தைத்த இன்னொரு திரை வெள்ளையாகவே தொங்கியது. அன்று சாயங்காலம் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வண்டி நிற்கிற நேரம், ஜன்னல், முக்காலி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இழுப்பு உள்ள பிள்ளைக்கு டீசல் புகை ஆகவே ஆகாது, முதலில் அதை நிறுத்துங்கள் என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். “அப்போ நான் நடிக்கலன்னு எல்லாருக்கும் சொல்லுவியாம்மா?” என்றாள். சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு மறுநாள் காலையிலேயே, சிரித்த சத்தத்தைவிடக் கூடுதலான சத்தத்தில் சொன்னேன்.

ஆனால் அண்ணாச்சியிடம் சொல்ல வாய் வரவில்லை. பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறதே என்றுதான் அந்த மனிதர் நிற்கிறார். நிற்பதால்தான் மூச்சு வாங்குகிறது என்று எந்த வாயால் சொல்வது? வாய்த்துடுக்குக்காரி என்று பெயர் வாங்கிய நான், குறுக்கு வழி தேடினேன். ஜன்னலை அடைத்துப் பார்த்தேன். கதவு வழியாக வந்தது. மகளைச் சீக்கிரம் கிளப்பி, தெரு முனையில் கொண்டுபோய் நிறுத்தினேன். அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. “பிள்ளையை எதுக்கு வெயில்ல நடத்துதீய?” என்றார். மறுநாள் இன்னும் பத்து நிமிஷம் முன்னதாகவே வாசலுக்கு வந்துவிட்டார். இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு அதிகாலைக்குப் போய்விடுவோம் போலிருந்தது. அன்பான மனிதரோடு மல்லுக்கட்டி ஜெயிக்கவே முடியாது.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் அலுவலகத்துக்கு மேலே இருந்து ஒரு தாள் வந்தது. பழைய வண்டிகளின் மறுபதிவில் வருகிற பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, பழைய டீசல் பள்ளிப் பேருந்துகளுக்குப் பதிலாகப் புகை குறைந்த கேஸ் வண்டி வாங்கப் பள்ளிகளுக்கு உதவலாமா என்று பரிசீலிக்கிறார்களாம். சோதனையாகச் சில ஊர்களில் ஆரம்பிப்பார்களாம். ஊரில் உள்ள பழைய பள்ளிப் பேருந்துகளின் விவரத்தை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலை என் மேஜைக்கு வந்தது. அதிகாரியிடம் போய், இதில் ஒரு வண்டியில் என் மகள் போகிறாள் என்று சொன்னேன். அப்படியானால் நீங்கள் விவரத்தை மட்டும் எழுதுங்கள், வரிசையை வேறொருவர் போடட்டும் என்றார்.

டிரைவர்களை ஒவ்வொருவராக வரச் சொன்னோம். படிவத்தில் வண்டியின் வயது, புகைச் சோதனை அளவு, பிள்ளைகள் எத்தனை, ஓடுகிற தூரம் என்று கேள்விகள். கடைசிக்கு முந்தின கேள்வி, நிறுத்தங்களில் என்ஜின் எவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருக்கும் என்பது.

அண்ணாச்சி தேய்த்த காக்கிச் சட்டையில், முகத்தில் பவுடரோடு வந்தார். தெரிந்தவள் கவுண்டரில் இருக்கிறாள் என்ற பெருமை நடையில் தெரிந்தது. எல்லாக் கேள்விக்கும் டக்டக்கென்று பதில் சொன்னார். அந்தக் கேள்வியைப் படித்தேன்.

“மத்த இடத்துல எல்லாம் அர நிமிஷம்தான் தாயி. பிள்ளைங்க ஏறுனா எடுத்துருவேன்” என்றார். பிறகு பின்னால் நிற்கிற டிரைவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலைக் கூட்டினார். “ஒங்க வாசல்ல மட்டும் கால் மணி நேரம். எழுதிக்கிடுங்க. பிள்ளைக்கு மூச்சு வாங்கும்லா, அதுனால நின்னு கூட்டிட்டுப் போறேன்.”

என் பேனா நகரவில்லை.

“என்ன தாயி, எழுதலையா? கூடச் சொல்லிட்டேனோ?”

“இல்ல அண்ணாச்சி.”

“இது எதுக்குக் கேக்காவ?”

இதற்கு மேல் ஒளிய இடம் இல்லை. அரசாங்கமே என் வாயில் கேள்வியை வைத்துவிட்டது. வரிசைக்குக் கேட்காதபடி கண்ணாடிக்குக் கிட்டே குனிந்தேன். “வண்டி நிக்கிற நேரத்துல பொகை எவ்வளவு வருதுன்னு பாக்கதுக்கு அண்ணாச்சி. அந்தப் பொகை ஜன்னல் வழியா எங்க முன்ரூமுக்குள்ள வருது. பிள்ளை அங்கனதான் உக்காந்து ஷூ போடுதா. அதுலதான் அவளுக்கு இழுப்பு வருதுன்னு டாக்டர் சொல்லுதாவ.”

அவர் முதலில் புரியாதவர் மாதிரி என்னையே பார்த்தார். பவுடருக்குக் கீழே முகம் மெல்ல மாறுவதை நான் பார்த்தேன்.

“எம் பொகையா?” என்றார். “நான் நிக்கதுனாலயா?”

இல்லை என்று சொல்ல எவ்வளவு ஆசைப்பட்டேன்! ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் கண்ணாடிக்குக் கீழே கையை நீட்டி, என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

“கால் மணி நேரம்னே எழுதுங்க தாயி. உள்ளதைத்தான் எழுதணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு நல்ல மனிதரை நாலு பேருக்கு முன்னால் அடித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்குத் தடதட சத்தம் வரவில்லை. மகள் முக்காலியில் உட்கார்ந்து ஷூ மாட்டினாள். நான் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தேன். பேருந்து வாசலில்தான் நின்றது. தெரு முனை திரும்பியதுமே என்ஜின் சத்தத்தைக் குறைத்து மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து, அணைத்துவிட்டு நிறுத்தியிருக்கிறார். தான் இறங்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே வா என்று சொல்லாத வீட்டின் முன்னால் நிற்கிறவர் மாதிரி இருந்தது.

மகள் இறங்கிப் போனாள். “மாமா, வண்டி கெட்டுப் போச்சா?” என்றாள்.

“இல்ல தாயி. ஒறங்குது. நீ பைய ஏறு.”

அவர் சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது. மறுபடி திருப்பினார். அதுவும் இல்லை. நான்கு தடவைக்குப் பிறகு ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது பார்த்து மீன்காரர் மொபெட்டில் வந்தார். நிறுத்தி, விஷயத்தைக் கேட்டார். கைலியை மடித்துக் கட்டினார். “ஏலே, வாங்கலே!” என்று துறைமுக வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டார். டீக்கடையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். நடிப்பு என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். முதல் நிறுத்தம் என்பதால் வண்டியில் என் மகளைத் தவிர வேறு பிள்ளைகள் இல்லை.

நான் அலுவலகப் புடவையில் நின்றுகொண்டிருந்தேன். மீன்காரர் திரும்பிப் பார்த்தார். “அக்கா, வரி வாங்குத கை சும்மா இருந்தா எப்படி? இங்கன வந்து பிடிங்க.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்ப் பிடித்தேன். வட்டாரப் போக்குவரத்து அலுவலக ஊழியர் ஒருவர், செல்ஃப் எடுக்காத பள்ளிப் பேருந்தைத் தெருவில் தள்ளிக்கொண்டு போவதை எங்கள் ஆட்கள் யாராவது பார்த்தால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம் பயம். தள்ளிக்கொண்டே சிரிப்பு வேறு வந்தது. அண்ணாச்சி எங்கள் வீட்டைத் தாண்டியும் கிளட்சை விடவில்லை. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, தெரு முடிகிற இடத்து டிரான்ஸ்பார்மர் எல்லாம் தாண்டி, வீடுகளே இல்லாத இடத்தில்தான் விட்டு என்ஜினை உசுப்பினார். மீன்காரரின் வெள்ளைச் சட்டை முழுக்கக் கரி. அன்று மகளுக்கு இழுப்பு இல்லை.

அதுவே பழக்கமாகிவிட்டது. செல்ஃப் எடுக்கிற நாளில் டிரான்ஸ்பார்மர் வரை சத்தமில்லாமல் ஊர்ந்து போவார். எடுக்காத நாளில் தெரு தள்ளும். பள்ளியில் மோட்டாரை ஒருமுறை மாற்றிக் கொடுத்தார்கள். அது பத்து நாள் ஒழுங்காக இருந்துவிட்டுப் பழைய குணத்துக்கே திரும்பியது. பள்ளியில் கேட்டால், வண்டியே மாறப் போகிறதே, பொறுங்கள் என்றார்கள். மீன்காரர் கருப்புச் சட்டைக்கு மாறினார். மகளும் தினமும் கேட்பாள், நானும் தள்ள வரட்டுமா என்று. கூடாது என்று நானும் அண்ணாச்சியும் ஒரே குரலில் சொல்வோம். அவள் முன் இருக்கையில் உட்கார்ந்து, “ஐலசா” என்று எங்களுக்குக் கட்டளை போடுவாள்.

எங்கள் ஊருக்கு முதல் தவணையில் இரண்டு பேருந்துகள் கிடைத்தன. வயதில் மூத்த வண்டிகளுக்கு முதலிடம் என்றார்கள். அண்ணாச்சியின் வண்டி இரண்டாவதாக வந்தது. பட்டியலைப் பார்த்த அன்று நான் நாற்காலியிலிருந்து எழுந்து, யாரிடமும் சொல்லாமல் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன். பழைய வண்டிக்காரர்கள் கட்டிய பணத்தில்தான் இது வருகிறது என்று அன்று சாயங்காலமே தெரு முழுக்கச் சொன்னேன். புது கேஸ் வண்டி இப்போது மூன்று மாதமாக எங்கள் தெருவுக்கு வருகிறது. அதையும் அண்ணாச்சிதான் ஓட்டுகிறார். சாவியைத் தொட்டால் எடுக்கிறது. பார்க்கவும் லட்சணமாக இருக்கிறது. ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது பழைய வண்டியின் கடைசி வெள்ளிக்கிழமைதான். அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அன்றும் செல்ஃப் எடுக்கவில்லை. நாளைக்குத் தன்னை உடைக்கக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று அதற்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, ஒரு இருமல்கூட இல்லை. ஆட்கள் சேர்ந்தார்கள். அப்போது மூன்றாம் வகுப்புக்குப் போயிருந்த மகள் பையை இருக்கையில் போட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

“இன்னைக்குத் தள்ளலைன்னா நான் எப்பவுமே தள்ள முடியாதும்மா” என்றாள்.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவளுக்கு இழுப்பு வந்து மாதங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அவள் ஓடி, மூச்சு வாங்கி, கம்பியைப் பிடித்து நின்ற அந்த முதல் நாள் எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் இருந்தது.

“முன்பக்கம் பிடிக்கட்டும் தாயி” என்றார் கடைசியில். “அங்கன பொகை வராது.”

முன் படிக்கட்டுக் கம்பியை அவள் பிடித்தாள். அவளுக்குப் பக்கத்தில் நான். பின்னால் தெரு. வண்டி அசைந்தது. எங்கள் வீடு போனது. திரை வெள்ளையாக இருந்தது. அவள் சின்னக் கால்களை ஊன்றி, பல்லைக் கடித்துத் தள்ளினாள். நடை ஓட்டமானது. விடு, போதும் என்று நான் சொல்லியும் விடவில்லை. டிரான்ஸ்பார்மர் தாண்டியதும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி உயிர் பெற்றது. பின்னால் கைதட்டல். மகள் இடுப்பில் கைவைத்து, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

நான் மண்டியிட்டு அவள் முதுகில் காதை வைத்தேன். எனக்குத் தடதடவென்று என்ஜின் மட்டும்தான் கேட்டது. இன்னும் அழுத்தி வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை.

அண்ணாச்சி மேலேயிருந்து குனிந்தார். “சத்தம் இருக்கா தாயி?”

“கேக்க மாட்டேங்குது அண்ணாச்சி. வண்டிச் சத்தம்.”

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அத்தனை பேர் அத்தனை தூரம் தள்ளி எடுத்த வண்டியை, இருபது வருஷத் துறைமுகக் கை பட்டென்று அணைத்தது.

தெருவே நிசப்தமானது. பின்னால் இருந்தவர்கள் என்ன ஏது என்று தெரியாமல் ஓடி வந்து, என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார்கள். அவள் முதுகுக்குள் இதயம் குடுகுடுவென்று ஓடியது. மூச்சு போனது, வந்தது. போனது, வந்தது. விசில் இல்லை. கீச்சு இல்லை. ஓடி விளையாடிய எந்தப் பிள்ளைக்கும் இருக்கிற மூச்சு.

“ஒண்ணும் இல்ல அண்ணாச்சி” என்றேன். “நல்லா இருக்கு.”

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மீன்காரர் மகளின் தலையில் கரிக் கையை வைத்து ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

“என் துட்டு எங்க போவுதுன்னு கேட்டேம்லா மேடம். இங்கனதான் போகுதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, ஏசாமக் கட்டியிருப்பேனே” என்றார். பிறகு கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தார்.

“வாங்கலே, திரும்பத் தள்ளணும்.”